ஃபகண்டிட்டி: நாவன்மைக்கு ஆங்கிலத்தில் ஒரு பழஞ்சொல்

பழைய ஆங்கில நூல் ஒன்றில் ‘ஃபகண்டிட்டி’ என்ற சொல் எதிர்ப்பட்டால் பலரும் அதை அச்சுப்பிழை என்றே நினைப்பார்கள். ‘ஃபெகண்டிட்டி’ என்று இருக்க வேண்டியதில் ஒரு எழுத்து தவறிவிட்டது என்று தோன்றும். பிழை ஏதும் இல்லை. இரண்டும் தனித்தனிச் சொற்கள். ஃபெகண்டிட்டி என்றால் செழிப்பு, கருவுறும் திறன். ஃபகண்டிட்டி என்றால் நாவன்மை. இன்று எல்லோரும் எலக்வென்ஸ் என்று சொல்கிறார்களே, அதேதான்.

உச்சரிப்பு நான்கு அசை: ஃப, கண், டி, டி. அழுத்தம் இரண்டாவது அசையான ‘கண்’ மீது விழும். முதல் அசையை அரைகுறையாக விழுங்கித்தான் சொல்வார்கள். அதனால் காதில் கேட்டு இதையும் ஃபெகண்டிட்டியையும் பிரித்தறிவது கடினம். எழுத்தில் எஃப்புக்கு அடுத்து ஏ வந்தால் பேச்சு, இ வந்தால் விளைச்சல் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

இதன் வீட்டார் சிலர் உண்டு. ‘ஃபகண்ட்’ பெயரடை, நாவன்மை உடைய என்று பொருள். அதுவே பழைய நூல்களில் பெயர்ச்சொல்லாகவும் வரும். அப்போது எழுத்து ‘ஃபகூண்ட்’ என்பது போல இருக்கும். ‘ஃபகண்டியஸ்’ என்று இன்னொரு பெயரடையும் இருந்தது. ஒரே வேலைக்கு இத்தனை வடிவங்கள் போட்டியிட்டும் எதுவும் நிலைக்கவில்லை. எலக்வென்ஸ் பக்கம் பாருங்கள்: எலக்வென்ஸ், எலக்வென்ட், எலக்வென்ட்லி என்று ஒழுங்கான மூவர். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கவும் எளிது. ஃபகண்டிட்டி தோற்றதற்கு இது ஒரு காரணம் என்றும், ஃபெகண்டிட்டியோடு ஓயாமல் குழம்பியது இன்னொரு காரணம் என்றும் எனக்குப் படுகிறது.

வேர் லத்தீனில் இருக்கிறது. அங்கே ‘ஃபாரி’ என்றால் பேசுதல். அதோடு ‘குந்துஸ்’ என்ற ஒட்டு சேர்ந்தால் ‘ஃபாகுந்துஸ்’, அதாவது பேச்சை இயல்பாகவே உடையவர். இந்த ஒட்டு ஒரு குணம் ஒருவரிடம் நிரம்பி நிற்பதைக் காட்டும். கோபம் நிரம்பியவர் ‘ஈராகுந்துஸ்’, நாணம் நிரம்பியவர் ‘வெரேகுந்துஸ்’, சிவந்த முகத்தினர் ‘ருபிகுந்துஸ்’. கடைசியாகச் சொன்னது ஆங்கிலத்தில் ‘ரூபிகண்ட்’ என்று இன்றும் உயிரோடு இருக்கிறது. ‘ஜோகண்ட்’ என்ற மகிழ்ச்சிச் சொல்லும் இதே ஒட்டு உள்ள லத்தீன் சொல் வழி வந்ததுதான். ‘ஃபேகுந்துஸ்’ என்ற செழிப்புச் சொல்லும் இதே அச்சில் வார்த்ததே. அதன் வேர் மட்டும் வேறு, பாலூட்டுதலைக் குறிப்பது. இரண்டும் இரட்டையர் போலத் தோன்றுவது இதனால்தான்.

ஃபாரி என்ற வேரைத் தெரிந்துகொண்டால் பலன் ஒரு சொல்லோடு நிற்காது. ‘இன்ஃபன்ட்’ என்பது இன்னும் பேசத் தெரியாத குழந்தை. ‘ஃபேபிள்’ சொல்லப்பட்ட கதை. ‘ஃபேம்’ ஊரார் பேசும் பேச்சு, அதனால் புகழ். ‘ஃபேட்’ தெய்வ வாக்காகச் சொல்லப்பட்டது, அதனால் விதி. ‘ப்ரிஃபேஸ்’ நூலுக்கு முன்னே சொல்வது. ‘அஃபபிள்’ பேச்சுக்கொடுக்க இலகுவானவர். ‘இனெஃபபிள்’ வாயால் சொல்லி முடியாதது. இந்த வரிசையில் ஃபகண்டிட்டியையும் நிறுத்திவிட்டால் பொருள் மறக்காது. முகத்தைக் குறிக்கும் ‘ஃபேஸ்’, உண்மைத் தகவலைக் குறிக்கும் ‘ஃபேக்ட்’ ஆகியவற்றோடு இதற்கு உறவில்லை. ஃபேக்ட் ‘செய்தல்’ என்ற வேறொரு லத்தீன் வினையிலிருந்து வந்தது. புதிதாகப் படிப்பவர்கள் தடுமாறும் இன்னொரு இடம் இது.

எலக்வென்ஸும் லத்தீன்தான், பேசுதலைக் குறிக்கும் ‘லோக்வி’ என்ற இன்னொரு வினையிலிருந்து வந்தது. ஆக ரோமானியர்களிடம் நாவன்மைக்கே இரண்டு வேர்ச்சொற்கள் இருந்தன, இரண்டும் ஆங்கிலத்துக்கு வந்தன, ஒன்று மட்டும் தங்கியது.

ரோமானிய எழுத்தாளர்கள் இந்தச் சொல்லை எங்கே வைத்தார்கள் என்று பார்த்தால் அதன் சுவை பிடிபடும். ஓவிட் காதல் கலை பற்றி எழுதியதில் ஒரு வரி: கிரேக்கக் காவிய நாயகன் யுலிஸஸ் அழகன் இல்லை, ஆனால் ஃபாகுந்துஸ், கடல் தேவதைகள் அவனுக்காக ஏங்கினார்கள். ஹொரேஸ் ஒரு பாடலில் மெர்க்குரி தெய்வத்தை ‘ஃபாகுந்துஸ்’ என்று விளிக்கிறார், பண்படாத ஆதி மனிதரைச் சொல்லால் வடிவமைத்தவன் என்பதற்காக. அதே ஹொரேஸ் கவிதை எழுதுவது குறித்துச் சொல்லும் இடத்தில், தன் சக்திக்கு ஏற்ற பொருளைத் தேர்ந்துகொண்டவனை நாவன்மையும் தெளிவான ஒழுங்கும் கைவிடாது என்கிறார். அங்கேயும் எடுத்த சொல் ‘ஃபாகுந்தியா’. வரலாற்றாசிரியர் சல்லஸ்ட், நாவன்மையில் கிரேக்கர்களும் போர்ப்புகழில் ‘கால்’ என்ற நாட்டவரும் (இன்றைய பிரான்ஸ் பகுதியினர்) ரோமானியர்களைவிட முந்தி நின்றவர்கள் என்று ஒப்புக்கொள்ளும்போதும் இதே சொல்தான். அழகில்லாதவனுக்கு ஈடு, தெய்வத்தின் வரம், கவிஞனின் துணை, ஒரு இனத்தின் பெருமை: நான்கு இடத்திலும் தானாக ஊறிவரும் பேச்சு என்ற தொனி இருக்கிறது.

ஆங்கிலத்துக்கு இது பிரெஞ்சு வழியாக வந்தது. 1400-இல் இறந்த ஆங்கிலக் கவிஞர் சாசரின் கவிதைகளில் ‘ஃபகூண்ட்’ கிடைக்கிறது. அவர் கையாண்ட மூன்று இடங்களை ஊன்றிப் பார்த்தால் இந்தச் சொல்லின் முழு வீச்சும் கைக்கு வந்துவிடும்.

முதலாவது, லங்காஸ்டர் கோமகள் பிளான்ஷ் 1368-இல் இறந்ததை ஒட்டி எழுதிய கவிதை. இறந்தவளின் பேச்சைப் புகழும் வரியில் எலக்வென்ஸ் என்றும் ஃபகூண்ட் என்றும் இரண்டையும் அடுத்தடுத்து வைக்கிறார்: நாவன்மையில் இவ்வளவு இனிமையாக ஒலித்த பேச்சு வேறு எங்கும் காணப்பட்டதில்லை. ‘ஃபவுண்ட்’ என்பதற்கான அன்றைய வடிவத்தோடு ‘ஃபகூண்ட்’ இயைபு கொள்கிறது. அன்று இரண்டுமே ‘ஊ’ ஒலியோடு உச்சரிக்கப்பட்டன. இன்றைய உச்சரிப்பில் படித்தால் இயைபு கெட்டுவிடும். இரண்டு சொற்களையும் சேர்த்து வைத்ததில் ஒரு வசதியும் உண்டு: ஒன்று தெரியாதவருக்கு மற்றது பொருள் சொல்லிவிடும். இந்த உத்தியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இரண்டாவது, கான்டர்பரிக் கதைகளில் மருத்துவர் சொல்லும் கதை. நாயகி வர்ஜீனியாவுக்கு வயது 14. கிரேக்கரின் அறிவுத் தெய்வமான பல்லாஸ் தேவியைப் போல அறிவுடையவளாக இருந்தாலும் அவள் ஃபகூண்ட் எளிமையாகவே இருந்ததாம். அறிவாளி போலத் தோன்றுவதற்கான போலிச் சொற்கள் அவளிடம் இல்லையாம். கவனியுங்கள்: நாவன்மைக்கு இங்கே அடையாளம் பெரிய சொற்களைத் தவிர்ப்பது. இன்று இந்தச் சொல்லைக் கண்டெடுத்து, படித்தவன் என்று காட்டிக்கொள்ளக் கட்டுரையில் நுழைப்பவர்கள் இந்த வரியை ஒருமுறை படித்துவிட்டு நுழைக்கலாம்.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. பறவைகள் எல்லாம் கூடி இணை தேடும் காதலர் தினக் கவிதை அது. ஒரே பெண் கழுகுக்கு மூன்று ஆண் கழுகுகள் போட்டி. வழக்கு இழுத்துக்கொண்டே போகிறது. மற்ற பறவைகளுக்குப் பொறுமை போய்விட, ஒவ்வொரு இனமும் ஒரு பேச்சாளரைத் தேர்ந்தெடுக்கிறது. நீர்ப்பறவைகள் தலையோடு தலை சேர்த்து, அதிகம் யோசிக்காமல், வாத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. காரணம், அவளுடைய ‘ஃபகூண்ட் ஜென்ட்’, அதாவது உயர்குடி நாவன்மை. வாத்து எழுந்து சொல்லும் தீர்ப்பு இவ்வளவுதான்: அவள் இவனைக் காதலிக்கவில்லை என்றால் இவன் வேறொருத்தியைக் காதலிக்கட்டும். உடனே பருந்தினத்துப் பறவை ஒன்று, ‘பாருங்கள், வாத்துக்கே உரிய அருமையான நியாயம்’ என்று கேலி செய்கிறது. நாவன்மை என்ற பெரிய சொல்லை வாத்தின் கழுத்தில் மாலையாகப் போட்டதுதான் நகைச்சுவை. 600 ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல் கிண்டலுக்கு நன்றாக வளைந்துகொடுத்திருக்கிறது. இன்றும் இதற்கு மிச்சமிருக்கும் நல்ல வேலை அதுதான் என்பது என் கணிப்பு.

16-ஆம் நூற்றாண்டில் லத்தீன் சொற்களை அள்ளிக் கொட்டி எழுதும் பழக்கம் முற்றியது. மைக்கூட்டுச் சொற்கள் என்று அவற்றுக்குப் பட்டப்பெயரே வைத்தார்கள். தாமஸ் வில்சன் 1553-இல் எழுதிய பேச்சுக்கலை நூலில் அந்தப் பழக்கத்தைக் கேலி செய்ய, வேலை கேட்டு ஒருவர் எழுதியதாக ஒரு கடிதத்தைத் தருகிறார். முழுக்க லத்தீன் நெடி. அதில் ‘உங்கள் அறிவின் ஃபெகண்டிட்டி’ என்று வரும். இது செழிப்புச் சொல், நம் சொல் இல்லை. நாவன்மையைப் பற்றிய நூலில், அறிவாளி ஒருவரைப் புகழும் வாக்கியத்தில் வருவதால் ‘ஃபகண்டிட்டி’ என்று மாற்றிப் படிக்கக் கை துறுதுறுக்கும். அங்கே மூலத்திலேயே ‘செழித்த’, ‘கருக்கொண்ட’ என்ற சொற்கள் தொடர்ந்து வருவதால் பொருள் உறுதி. அக்கம்பக்கச் சொற்களைப் பார்க்காமல் முடிவு கட்டினால் இப்படித்தான் வழுக்கும்.

பழைய நூலில் இது எதிர்ப்பட்டால் செய்ய வேண்டியது: முதலில் இரண்டாம் எழுத்தைச் சரிபாருங்கள், முடிந்தால் மூலப் பக்கத்தின் படத்தில். மின்வருடிய உரையை மட்டும் நம்பக்கூடாது. சுமார் 1800 வரை ஆங்கில அச்சில் நீண்ட எஸ் என்ற எழுத்து இருந்தது. அதன் வடிவம் எஃப் போலவே இருக்கும். கணினி அதை எஃப் என்று வாசித்து ‘செகண்ட்’ என்பதைக்கூட ‘ஃபெகண்ட்’ ஆக்கிவிடும். பிறகு, யாருக்கு அல்லது எதற்கு இந்தக் குணம் ஏற்றப்படுகிறது என்று பாருங்கள். வாய், நாக்கு, தூதர், வழக்கறிஞர், போதகர் என்றால் நாவன்மை. நிலம், மழை, கருப்பை, கற்பனை என்றால் பெரும்பாலும் செழிப்பு. கற்பனை விஷயத்தில் இரண்டுமே பொருந்துவது போலத் தோன்றும். அங்கே எழுத்துதான் சாட்சி. தேடுபொறியில் தேடும்போது இன்றைய எழுத்துக்கூட்டல் மட்டும் போதாது. கடைசி ஒய்க்குப் பதில் ஐ-இ போட்டும், யு-வுக்குப் பதில் ஓ-யு போட்டும், கடைசியில் ஒரு இ சேர்த்தும் தேட வேண்டும்.

அகராதியில் இதற்குப் பக்கத்தில் ‘ஆர்கெயிக்’ என்ற குறிப்பு இருக்கும். இதைப் பலரும் ‘ஆப்ஸலீட்’ என்பதோடு ஒன்றாக நினைக்கிறார்கள். மெரியம்-வெப்ஸ்டர் அகராதி இரண்டையும் தெளிவாகப் பிரிக்கிறது. 1755-க்குப் பிறகு புழக்கத்துக்குச் சான்றே இல்லாத சொல் ஆப்ஸலீட், அதாவது வழக்கொழிந்தது. ஒரு காலத்தில் பரவலாக இருந்து, இன்று எங்கோ அரிதாகவோ தனிச் சூழல்களிலோ மட்டும் தென்படுவது ஆர்கெயிக், பழைமைச் சொல். ஃபகண்டிட்டிக்கு அவர்கள் தருவது இரண்டாவது. அந்த 1755 எங்கிருந்து வந்தது என்றால், சாமுவேல் ஜான்சனின் அகராதி வெளிவந்த ஆண்டு அது. ஜான்சனுக்கே வேடிக்கையான ஒரு வழக்கம் இருந்தது. மற்ற அகராதிகளில் மட்டும் இருந்து, எந்த எழுத்தாளரும் கையாண்டதாகத் தனக்குக் கிடைக்காத சொல்லுக்கு ‘டிக்ட்’ என்று சுருக்கக் குறி போட்டுவிடுவார். 1604-இல் ராபர்ட் காட்ரே தொடங்கிவைத்த கடினச்சொல் அகராதிகள் அந்த நூற்றாண்டு முழுக்க லத்தீன் சொற்களுக்கு ஆங்கில வாலை ஒட்டிப் பட்டியல் போட்டதால், யாரும் பேசாத சொற்கள் அகராதிக்கு அகராதி இடம்பெயர்ந்துகொண்டே இருந்தன.

இனி, இதை நாமே எழுத முடியுமா?

முடியும், ஆனால் இடம் பார்த்து. ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வின் கட்டுரையில் வேண்டாம். அங்கே அரிய சொல்லுக்கு மதிப்பெண் உண்டு என்பது உண்மை. ஆனால் நடையும் சேர்க்கையும் அறிந்து கையாண்டால்தான் உண்டு. நகரப் போக்குவரத்து பற்றிய கட்டுரையில் இதை வைத்தால் நடை தெரியவில்லை என்பதற்கே சான்றாகும். வேலை விண்ணப்பம், அலுவலக மின்னஞ்சல் எதிலும் வேண்டாம். படிப்பவர் எழுத்துப்பிழை என்று நினைத்து, கருவுறும் திறனைப் பற்றி ஏன் எழுதியிருக்கிறார் என்று குழம்புவார். எழுதும் செயலிகள் பலவற்றுக்கும் இந்தச் சொல் தெரியாது, சிவப்புக் கோடு இழுத்து ஃபெகண்டிட்டியைப் பரிந்துரைக்கும். கைதவறி அதை ஏற்றுக்கொண்டால் ‘நம் தலைமையாசிரியரின் நாவன்மை’ என்று எழுத வந்தது வேறெங்கோ போய் நிற்கும்.

வரலாற்றுப் புனைவு, பழைய நடையில் எழுதும் கவிதை, பகடி ஆகிய மூன்றும் இதற்கு ஏற்றவை. ஒரு பகடி வாக்கியம்: ‘தி கவுன்சிலர், ஹூஸ் ஃபகண்டிட்டி எக்ஸீடட் ஹிஸ் அட்டெண்டன்ஸ்.’ கூட்டத்துக்கு வந்ததைவிடப் பேசியது அதிகம் என்று ஒரு கவுன்சிலரைக் குத்துவது. இதில் சொல்லின் கம்பீரமே கேலிக்கு உதவுகிறது. எலக்வென்ஸ் என்று போட்டால் பாதி சிரிப்பு குறைந்துவிடும்.

எண்ணிக்கை என்று பார்த்தால் ஒரு படைப்புக்கு ஒரு தடவை. இரண்டாம் தடவை வரும்போது படிப்பவர் பொருளை விட்டுவிட்டு எழுதியவரைப் பார்க்கத் தொடங்குவார். பன்மையாக்க வேண்டாம், இது தண்ணீர், பொறுமை போல எண்ணிச் சொல்லாத பெயர். ‘எலக்வென்ட்லி ஃபகண்ட்’ என்று அடைகொடுப்பதும் கூறியது கூறலே. பக்கத்தில் பொருளுக்கு ஒரு கைப்பிடி வையுங்கள். சாசர் எலக்வென்ஸைப் பக்கத்தில் நிறுத்தியது போல, ‘டங்’, ‘ஸ்பீச்’, ‘ஆரேட்டர்’ என்று ஏதாவது ஒன்று அதே வாக்கியத்தில் இருந்தால் அகராதி இல்லாமலே புரியும்.

எலக்வென்ஸ் வரும் எல்லா இடத்திலும் இதைத் தூக்கி வைக்கவும் முடியாது. மௌனம் எலக்வென்ட் ஆக இருக்கலாம், இடிந்த கோட்டை எலக்வென்ட் ஆக இருக்கலாம், ஒரு புள்ளிவிவரம்கூட இருக்கலாம். ஃபகண்டிட்டி வாய்ப்பேச்சின் நெருக்கத்தை விடவில்லை. ‘அவருடைய மௌனத்தின் ஃபகண்டிட்டி’ என்று எழுதினால் காது ஏற்காது. நெருங்கிய மற்ற சொற்களிலிருந்தும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஃப்ளூயன்ஸி தடங்கலில்லாத சரளம் மட்டும். சரளமாக அபத்தமும் பேசலாம். லொக்வாசிட்டி வாயாடித்தனம். கிராண்டிலொக்வென்ஸ் ஆடம்பரப் பேச்சு. ஃபகண்டிட்டியில் சரளத்தோடு நயமும் சேர்ந்திருக்கிறது.

ஐரோப்பாவின் மற்ற மொழிகளில் இந்தக் குடும்பம் அவ்வளவு தேயவில்லை. ஸ்பானிஷில் ‘ஃபகுந்தோ’ இன்றும் ஆண்களுக்கு வைக்கும் பெயர், அர்ஜென்டினாவில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். 1862-இல் கியூபாவின் சாந்தியாகோவில் பக்கார்டி ரம் நிறுவனத்தைத் தொடங்கியவர் பெயரும் ஃபகுந்தோ. ரம் நாக்கை அவிழ்க்கும் என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. அது பெற்றோர் வைத்த பெயர். ஸ்பெயினின் லியோன் மாகாணத்தில் உள்ள சஹாகூன் என்ற ஊரின் பெயர், புனித ஃபகுந்துஸ் என்பது தேய்ந்து வந்தது. பிரெஞ்சில் மட்டும் ‘ஃபக்கோன்ட்’ கொஞ்சம் கீழே இறங்கிவிட்டது: இன்று அது நாவன்மையைவிட நிறுத்தத் தெரியாத பேச்சையே அதிகம் சுட்டும். பிரெஞ்சு தெரிந்தவர்கள் அந்தப் பொருளை ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்றிவிடக் கூடாது.

தமிழாக்கம் செய்பவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. எலக்வென்ஸுக்கு நாவன்மை, சொல்வன்மை, பேச்சாற்றல் என்று போட்டுப் பழகிவிட்டோம். மூலத்தில் ஃபகண்டிட்டி என்று வந்தால் அவற்றையே போட்டால் பொருள் வரும், பழைமை வாசம் வராது. திருக்குறளின் சொல்வன்மை அதிகாரம் ‘நாநலம் என்னும் நலனுடைமை’ என்று தொடங்குகிறது. நாநலம் என்ற சொல் பொருளிலும் நெருக்கம், இன்று பேச்சில் இல்லாததால் வயதிலும் நெருக்கம். ஃபகண்ட் என்ற பெயரடைக்கு ‘நாநலம் வாய்ந்த’ என்று எழுதலாம். வாத்தைப் போலக் கிண்டல் தொனியில் வரும் இடத்திலும் இதையே வைக்கலாம். ‘வாய்ஜாலம்’ என்று மாற்றினால் கேலி முன்கூட்டியே வெளுத்துவிடும். வாத்துக்கு நாநலம் என்று நேராகச் சொல்லிவிட்டு, அடுத்த வரியில் அதைப் பேச விடுவதுதான் சாசர் செய்தது.